வகுப்பில் இருந்தவர்கள்

அந்த முகாமில் எந்த வகுப்பு நடந்தாலும் ஆள் வருவதற்கு முன்னாலேயே கையெழுத்து வந்து சேர்ந்துவிடும். அதற்கென்றே ஒரு கிளார்க் இருந்தார். காலை எட்டு மணிக்கு வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார். சமையல்கூடம், உதிரிபாகக் கிடங்கு, வண்டிக் கொட்டகை என்று ஒவ்வொரு இடமாகப் போய், "போடுங்கப்பா, போட்டுட்டு அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்பார். என்ன வகுப்பு என்று யாரும் கேட்பதில்லை. தீ விபத்தோ, பாம்புக்கடியோ, எதுவாக இருந்தாலும் நூற்றிமுப்பத்தாறு பேரும் ஒழுங்காகக் கலந்துகொண்டார்கள் என்று சாயங்காலத்துக்குள் மேலிடத்துக்குத் தபால் போய்விடும். அவருக்கு 'ரிஜிஸ்டர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் அவருக்குப் பெருமைதான்.

மேலிடமும் லேசுப்பட்டதில்லை. கையெழுத்தை மட்டும் நம்பாமல், படம் காட்டும் கருவி எவ்வளவு நேரம் ஓடியது என்றும் கேட்க ஆரம்பித்தது. ரிஜிஸ்டர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். படத்தை ஓடவிட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். கூடத்தில் இருநூறு நாற்காலிகள் உட்கார்ந்து படம் பார்க்கும்.

அன்றைக்கு மட்டும் உள்ளே ஓர் ஆள் மாட்டிக்கொண்டாள். முகாமின் சலவைக்கூடத்தை நடத்துகிறவள் அவள். வெளியாள்தான், சீருடை கிடையாது. ஆனால் நூற்றிமுப்பத்தாறு பேரின் சீருடையும் அவள் கை பட்டுத்தான் வெளியே வரும் என்பதால் எல்லோருக்கும் அக்கா. வெளுத்த திரைச்சீலைகளை மாட்டுவதற்காக ஏணி மேல் நின்றிருந்தாள். ரிஜிஸ்டர் மேலே பார்க்கவில்லை. பார்க்கும் வழக்கமே அவருக்கு இல்லை.

"படையில் பாலியல் வன்முறை: தடுப்பதும், நடந்துவிட்டால் செய்ய வேண்டியதும்" என்று திரையில் எழுத்து வந்தது. அக்கா இருட்டில் ஏணியை விட்டு இறங்கப் பயந்து, அப்படியே மேல்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பயம் போய்ப் படம் பிடித்துவிட்டது.

திரையில் ஒரு பெண் அதிகாரி நிதானமாகப் பேசினாள். நடுநடுவே நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். ஒருவன் ஒரு பெண் சிப்பாயின் தோளில் தேவையில்லாமல் கை போட்டான். பக்கத்தில் நின்ற மூன்று பேர் சிரித்தார்கள். "சிரிக்கிறான் பாரு, தடிமாடு! நாலு அறை விட வேண்டாம்?" என்றாள் அக்கா. இருநூறு நாற்காலிகளும் பேசாமல் இருந்தன. அதிகாரி தொடர்ந்தாள். பார்த்துக்கொண்டு நிற்கிறவர்தான் முதலில் தடுக்க வேண்டும். நடந்துவிட்டால், பாதிக்கப்பட்டவர் குளிக்கக் கூடாது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்கக் கூடாது. காகிதப் பையில் போட்டு வைக்க வேண்டும், பிளாஸ்டிக் பை கூடாது. "துவைக்காம எப்படிடி வெக்கிறது?" என்று அக்கா தொழில் மானத்தோடு கேட்டாள். அதிகாரி காரணமும் சொன்னாள். யாருக்கும் தெரியாமல் மருத்துவமும் துணையும் மட்டும் கேட்கலாம், அது ஒரு வழி. விசாரணை வேண்டும் என்று புகார் கொடுக்கலாம், அது இன்னொரு வழி. எது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவளுக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

ஒன்றரை மணி நேரம் முழுதாகப் பார்த்தாள். விளக்கு எரிந்ததும் ஏணியில் அக்காவைக் கண்ட ரிஜிஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எப்பக்கா வந்தே?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே. நல்ல படம்யா. எல்லாரையும் கூட்டி உட்கார வெச்சுக் காட்டலாம்ல?"

"காட்டியாச்சு" என்று ரிஜிஸ்டர் பதிவேட்டைத் தட்டினார்.

அக்காவின் வீடு சலவைக்கூடத்தின் பின்பக்கம். இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறையில் கணவர் கால் வைப்பதில்லை, முகாமின் தலைமைச் சமையல்காரர் அவர், "வீட்லயும் கரண்டியா?" என்பார். அக்கா திரும்பி வந்தபோது குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வேலை நேரத்தில் யார் என்று எட்டிப் பார்த்தாள். மகள் நின்றிருந்தாள். வண்டிக் கொட்டகையில் அவள் மெக்கானிக் சிப்பாய். மதியச் சாப்பாட்டுக்குக்கூட நேரத்துக்கு வராதவள். சட்டை கிழிந்து மேல் பொத்தான்கள் போயிருந்தன. கழுத்தில் நகம் கீறியிருந்தது. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடி நின்றாள்.

"ஃபேன் பெல்ட் வாங்கப் போனேம்மா, கிடங்குக்கு" என்றாள். "சார்ஜண்ட் கதவைச் சாத்திட்டான். கால் மணி நேரம். ஸ்பானரால அடிச்சுட்டு ஓடி வந்தேன். அதுக்குள்ள..."

கிடங்கு அந்தக் கூடத்திலிருந்து நாற்பது அடி தூரம்கூட இல்லை. கூடத்தில் இவள் ஏணியில் உட்கார்ந்து திரையோடு வாயாடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நினைப்பு நெஞ்சை அறுத்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் முகத்திலேயே தேய்த்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது.

மகள் சட்டையைக் கழற்றி வாளிக்குள் போடப் போனாள்.

"போடாதே!" என்று அக்கா போட்ட கூச்சலில் இரண்டு பேருமே நடுங்கினார்கள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "துவைக்கக் கூடாதாம்டி. குளிக்கவும் கூடாதாம். காகிதப் பையில போடணுமாம். கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோ."

மகள் அம்மாவை வெறித்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து, முதலில் கால் கழுவு, முதலில் சட்டையைக் கழற்று, ஊறப்போடு என்று உயிரை வாங்கிய மனுஷி அது.

"யாரு சொன்னா?"

"படத்துல சொன்னாங்க." அக்கா மகளைப் போர்வையால் போர்த்தி உட்கார வைத்தாள். இனி சொல்ல வேண்டியது அவளுக்குப் பழக்கமில்லாதது. "உனக்கு என்ன செய்யணும்னு தோணுது? நீயே சொல்லு. ரெண்டு வழி இருக்கு."

மகளுக்குப் பயமே வந்துவிட்டது. "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு என்னடி ஆகும்? கேக்கணும்னு சொன்னாங்க, கேக்கறேன். எனக்கு இஸ்திரிப் பெட்டியை எடுத்துட்டுப் போகணும்னுதான் இருக்கு. ஆனா அது என் இஷ்டம். உன் இஷ்டம் என்னன்னு சொல்லு."

மகள் இரண்டு வழிகளையும் கேட்டாள். அப்புறம், "புகார் குடுக்கறேன்" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அக்காவும் கூட அழுதாள். அழுதுகொண்டே ரொட்டி வந்த காகிதப் பையை உதறிச் சுத்தம் செய்தாள்.

இந்த மாதிரிப் புகாரை வாங்குவதற்கென்று ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்பது விதி. முகாமில் எல்லோரும் தட்டிக்கழித்து, கடைசியில் காவல் நாய்களின் டாக்டர் தலையில் அதைக் கட்டியிருந்தார்கள். அவருக்குத்தான் வேலை குறைவாம். மூன்று வருஷத்தில் முதல் புகார் இது. டாக்டர் மேசை மேல் படுத்திருந்த நாயை இறக்கிவிட்டு, கையைக் கழுவி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகள் சொல்வதை நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். அவருடைய நோயாளிகள் யாரும் வாய்விட்டுச் சொல்லாதவர்கள், கவனித்தே பழகியவர். முடிந்ததும், "நீ சொல்றதை நான் நம்பறேம்மா" என்றார். நகர மருத்துவமனைக்கு அவரே வண்டியில் அழைத்துப்போனார். வண்டி முழுக்க நாய் மயிர்.

வாக்குமூலத்தின் கடைசியில் மகள் ஒன்று சொன்னாள். "சார், இதையும் எழுதிக்கோங்க. அந்த நேரம் நான் வகுப்புல இருந்ததா கையெழுத்துப் போட்டிருக்கேன். அது பொய்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். சிக்கல் எங்கே இருக்கிறது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் சார்ஜண்ட் பதில் கொடுத்தான். நெற்றியில் பிளாஸ்திரி, அலமாரியில் இடித்துக்கொண்டானாம். பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை பாலியல் வன்முறைத் தடுப்பு வகுப்பில் இருந்தானாம். நாலாம் எண் கையெழுத்தைப் பார்க்கலாமாம். ரிஜிஸ்டர் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். இருந்தது.

"ரிஜிஸ்டர்படி பார்த்தா அவனும் வகுப்புல, உன் பொண்ணும் வகுப்புல" என்று அவர் அக்காவிடம் தணிந்த குரலில் விளக்கினார். "சம்பவம் நடக்கவே வழியில்லக்கா."

"யோவ், அந்தக் கூடத்துல நான் ஒருத்திதானே இருந்தேன்! நீயே பாத்தியே!"

"பாத்தேன். ஆனா உன் கையெழுத்து இல்லையே."

டாக்டர் விஷயத்தை வீட்டுக்கே வந்து புரியவைத்தார். சட்டை பரிசோதனைக்குப் போயிருக்கிறது, முடிவு வர இரண்டு மாதம். மகளுடைய பேச்சையும் பெற்ற தாயின் பேச்சையும் மட்டும் வைத்து விசாரணைக் குழு எதுவும் செய்யாது. பத்தாம் நாள் விசாரணை. பதிவேடு நின்றுவிட்டால் அத்தோடு புகாரை மூடிவிடுவார்கள்; சார்ஜண்ட் அன்றைக்கே வேறு முகாமுக்குப் பதவி உயர்வோடு போய்விடுவான். அங்கேயும் ஒரு கிடங்கு இருக்கும்.

"வகுப்பே நடக்கலைன்னு கையெழுத்துப் போட்ட வேற யாராவது ஒருத்தர் சொல்லணும்" என்றார் டாக்டர். "பொய்க் கையெழுத்து தண்டனைக்குரிய குற்றம்தான். சொல்றவங்களுக்குப் பணிப் பதிவுல சிவப்பு மை விழும். நான் சொல்லிடுவேன், ஆனா அன்னைக்கு நான் நாய்க்கு ஊசி வாங்க ஊருக்குப் போயிட்டேன். என் கையெழுத்து அதுல இல்ல."

அவர் சொல்லி முடித்ததும் அக்காவும் மகளும் ஒரே பக்கம் திரும்பினார்கள். மூன்றாம் எண் கையெழுத்து சமையல்காரருடையது.

சமையல்காரர் நல்ல மனுஷர். மகள் மேல் உயிர். விஷயம் தெரிந்த அன்று கறி நறுக்கும் கத்தியோடு கிடங்குக்குக் கிளம்பியவரை நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள். கத்தி எடுக்கிற வீரம் அவருக்கு உண்டு. ஆனால் ஓய்வு பெற நாலே மாதம் இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் பணிப் பதிவில் ஒரு புள்ளிகூட விழவில்லை. சூப்பில் உப்புக் கூடியதில்லை, டீ ஆறு மணியைத் தாண்டியதில்லை. அந்தச் சுத்தமான பதிவை அவர் சட்டை மாதிரி மடித்து மனசுக்குள் வைத்திருந்தார்.

"பாக்கறேன்" என்றார் முதல் நாள்.

"என்னத்தைப் பாக்கறது?" என்றாள் அக்கா.

"யாராவது சின்னப் பசங்க சொன்னா நல்லது. அவங்களுக்கு இன்னும் வருஷம் கிடக்கு, சிவப்பு மை காய்ஞ்சுடும்."

இரண்டாம் நாள், அன்றைக்கு நிஜமாகவே கூடத்தை எட்டிப் பார்த்த மாதிரி ஞாபகம் என்றார். "அஞ்சு நிமிஷமாவது நின்னேன்னு நினைக்கிறேன்."

"படத்துல அந்தப் பொண்ணு அதிகாரி கண்ணாடி போட்டிருந்தாளா இல்லையா?"

சமையல்காரர் யோசித்தார். "போட்டிருந்தா."

"இல்ல."

மூன்றாம் நாளிலிருந்து அவர் வீட்டுச் சமையலறையில் நுழைந்தார். மகளுக்குப் பிடித்ததையெல்லாம் செய்தார். உருளைக்கிழங்கை மூன்று விதமாகப் பொரித்தார். அவள் ஒரு வாய் சாப்பிட்டு எழுந்துபோனால் நாலாம் விதம் யோசித்தார். வாயால் சொல்ல முடியாததை வாணலியில் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அவரிடம் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவரைக் கொன்றது.

சலவைக்கூடத்தில் வேறு கூத்து. மூட்டையோடு வருகிற ஒவ்வொருவனும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அக்கா, நானும் அன்னைக்கு வகுப்புல இல்லக்கா. மனசு கேக்கல" என்றான்.

"அப்போ விசாரணையில சொல்லு."

"யாராவது மொதல்ல சொல்லட்டும்க்கா. பின்னாடியே நான் நிக்கறேன்."

ஐந்து நாளில் அக்கா எண்ணிப் பார்த்தாள். பின்னால் நிற்கத் தயாராக அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். முன்னால் நிற்கத்தான் ஆள் இல்லை. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "படத்துல மூணு பேர் சும்மா நின்னாங்கடா. அதையே நான் திட்டினேன்" என்றாள் ஒரு டிரைவரிடம். டிரைவர் படம் பார்க்காததால் விளங்காமல் போனான்.

எட்டாம் நாள் அவள் கணவரிடம் வெடித்தாள். "உங்க பதிவை என்ன, கண்ணாடி போட்டு மாட்டப் போறீங்களா?"

"உனக்கென்ன தெரியும்? இருபத்தெட்டு வருஷம்மா."

"அவளுக்கு இருபத்திநாலு வயசு. அதுவும் எனக்குத் தெரியும்."

அவர் வெங்காயம் உரித்தார். தேவைக்கு மேல் உரித்தார். கண்ணில் நீர் வருவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வெளியிலிருந்து ஒரு கர்னல் இரண்டு அதிகாரிகளோடு வந்தார். மேசை, பச்சைத் துணி, பதிவேடு; ஓரமாக ரிஜிஸ்டரும் சார்ஜண்டும். தாழ்வாரத்தில் சாட்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் முதலில் போய் நாற்பது நிமிஷம் பேசிவிட்டு, விறைப்பாக வெளியே வந்து சுவரோரம் நின்றாள். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"கூடத்தில் அன்று யார் யார் இருந்தார்கள்?"

"நான், ஏணி, இருநூறு நாற்காலிங்க."

"பதிவேட்டில் நூற்றிமுப்பத்தாறு பேர் இருக்கிறார்களே. நீங்கள் இல்லையே."

"ஆமாங்கய்யா. இருந்தவ பேரு இல்ல, இல்லாதவங்க பேரு இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன். சந்தேகம்னா படத்துல என்ன வந்துச்சுன்னு சார்ஜண்டைக் கேளுங்க."

கர்னலுக்கு அது நியாயமாகப் பட்டது. சார்ஜண்டைக் கேட்டார். அவன் நெஞ்சை நிமிர்த்தி, "பெண்களை மதிக்க வேண்டும் என்று சொன்னார்கள், ஐயா" என்றான்.

கர்னல் சரியா என்பது போல இடப்பக்கத்து அதிகாரியைப் பார்த்தார். அவர் வலப்பக்கத்து அதிகாரியைப் பார்த்தார். மூன்று பேரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்பது அக்காவுக்குப் பளிச்சென்று புரிந்தது. அவரவர் முகாமிலும் ஒரு ரிஜிஸ்டர் இருப்பார் போல. "பொதுவாகச் சரிதான்" என்று கர்னல் குனிந்து எழுதிக்கொண்டார். அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மூன்றாம் எண். தலைமைச் சமையல்காரர்."

சமையல்காரர் இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையில் வந்து நின்றார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"என்னுதுதான், ஐயா."

"உங்களுக்கு அடுத்தது சார்ஜண்டுடையது. அவர் வகுப்பில் உங்கள் பக்கத்தில் இருந்தாரா?"

சமையல்காரர் "முட்டை, ஐயா" என்றார்.

"என்ன?"

"அன்னைக்கு முட்டை நாள். முந்நூறு முட்டை அடுப்புல. பத்து மணிக்கு ஏத்தினா இறக்கற வரைக்கும் நான் நகர முடியாது. பாதி வெடிச்சுடும்." அப்புறம் குரல் பெரிதாக வந்தது. "நான் வகுப்புல இல்ல. என் பக்கத்துல அவனும் இல்ல, ஒருத்தனும் இல்ல. வகுப்புன்னு ஒண்ணு நடக்கவே இல்ல. எட்டு மணிக்கே எங்க இடத்துக்கு நோட்டு வரும், போட்டுடுவோம். இருபத்தெட்டு வருஷமா அப்படித்தான். என் கையெழுத்துப் பொய்."

"இப்படிச் சொன்னால் உங்கள் பதிவில் என்ன விழும் தெரியுமா?"

"தெரியும், ஐயா. சிவப்பு மை. எழுதிக்கோங்க."

தாழ்வாரத்தில் பெஞ்சுகள் இழுபடும் சத்தம் கேட்டது. டிரைவர் கூப்பிடாமலே உள்ளே வந்து, "நானும் இல்ல, ஐயா" என்றான். அவன் பின்னால் முடிவெட்டுகிறவன், அவன் பின்னால் காவல்காரர் மூன்று பேர். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எழுபத்தொரு பேர் ஆகிவிட்டது; அக்காவிடம் வராத ஒன்பது பேரும் அதில் இருந்தார்கள். கர்னலின் பேனாவில் மை தீர்ந்தது. ரிஜிஸ்டர் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் கோடு போட்டார். சொந்தப் பிள்ளையை அடிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு போட்டார்.

"அப்போ அந்தப் படத்தைப் பார்த்தது யார்தான்?" என்றார் கர்னல் களைத்துப்போய்.

"என் பொண்டாட்டி, ஐயா" என்றார் சமையல்காரர்.

இரண்டு மணிக்கு சார்ஜண்டைக் காவலில் வைத்து, வழக்கை ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்ப உத்தரவானது. எழுபத்தொரு பேருக்கும் சிவப்பு மை. தண்டனையாக முகாம் மொத்தமும் மறுநாளிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்தாக வேண்டும். வாசலில் அக்கா நின்று தலை எண்ண வேண்டும். நாய் டாக்டர் வந்து மகளிடம் தகவலைச் சொல்லிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் கை குலுக்கினார்.

சமையல்காரர் வீட்டுக்கு வந்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பத்து நாளில் முதல் தடவையாகத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டார். வாயைத் திறந்து கேட்கவில்லையே தவிர, மகள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தார். எதிரில் உட்கார்ந்து அவளும் நன்றாகவே சாப்பிட்டாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒம்பது நாள்ப்பா."

அவர் கை பாதியில் நின்றது.

"அவன் கதவைச் சாத்தி வெச்சது கால் மணி நேரம். நீங்க ஒம்பது நாள் எடுத்துக்கிட்டீங்க."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, மகள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"ஆமா" என்றார் சமையல்காரர். "முதல் நாளே தெரியும், சொல்லணும்னு. பயந்துட்டேன். என்னை மன்னிச்சுடும்மா."

மகள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "நாளைக்கு வேலைக்குப் போறேன்" என்றாள். "கொட்டகைக்கு அந்தக் கிடங்கைத் தாண்டித்தான் போகணும். தனியாப் போக முடியல. கூட வர்றீங்களா?"

"எத்தனை மணிக்கு?"

"ஆறு."

"ஆறு மணிக்கு டீ?" என்று அக்கா தன்னை அறியாமல் கேட்டுவிட்டாள்.

"ஒரு நாள் லேட்டாக் குடிக்கட்டும்" என்றார் அவர்.

"ஒரு நாள் இல்லப்பா. எனக்குப் போதும்னு தோணற வரைக்கும்."

"சரி" என்றார். "வர்றேன்."

மறுநாள் அந்த முகாமுக்கு டீ ஆறேகாலுக்கு வந்தது. அதற்கடுத்த நாளும் ஆறேகாலுக்கு. குவளையோடு வரிசையில் நின்ற ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.